நாவலில் இருந்த கரை, படத்தில் இல்லாத கரை

அறிவியல் புனைகதையின் செவ்வியல் நாவல்களைத் திரைக்குக் கொண்டுவரும் முயற்சிக்கு ஏறத்தாழத் திரைப்படத்தின் வயதே ஆகிறது. அந்த நீண்ட வரலாற்றில் படத்துக்குப் படம் இயந்திரங்கள் பெருகி வந்திருக்கின்றன. நாவலாசிரியர்கள் அந்த இயந்திரங்களின் அருகே கவனமாக நிறுத்திவைத்த கரையோர மக்களோ பெரும்பாலும் முதல் வெட்டிலேயே காணாமல் போயிருக்கின்றனர். இதனால் நாவல்கள் இழந்தது என்ன என்பதை ஹாலிவுட்டில் இருந்து பார்ப்பதைவிடப் பழவேற்காட்டு ஏரியின் மீனவக் குப்பங்களில் இருந்து பார்ப்பது எளிது. மிக நவீனமான இயந்திரமும் வலையை நம்பிப் பிழைக்கும் ஊர்களும் ஒரே நீர்ப்பரப்பைப் பகிர்ந்துகொள்ளும் நிலைமையை நாவலாசிரியர்கள் கற்பனையில் எழுதினார்கள். பழவேற்காட்டில் அது அரை நூற்றாண்டாக அன்றாட வாழ்க்கை.

ஏவுதளமும் எதிர்க்கரையும்

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. அதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும், தென்முனையும் கடலோடு கலக்கும் முகத்துவாரமும் திருவள்ளூர் மாவட்டத்திலும் உள்ளன. ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல் தீவான ஸ்ரீஹரிகோட்டா 1969-இல் ராக்கெட் ஏவுதளத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. கிழக்கு நோக்கி ஏவினால் பூமியின் சுழற்சி ராக்கெட்டுக்குக் கூடுதல் வேகம் தரும், பாதையின் அடியில் திறந்த கடல் இருப்பதால் கழன்று விழும் பகுதிகள் ஊர்களின் மேல் விழா, தீவில் மக்கள் தொகையும் குறைவு என்பவை அந்தத் தேர்வுக்கான காரணங்கள். அந்தக் குறைந்த மக்கள்தொகையில் யானாதி பழங்குடியினரும் அடக்கம். தீவு கையகப்படுத்தப்பட்டபோது அங்கிருந்த குடிகள் இடம்பெயர்க்கப்பட்டனர்.

1971 அக்டோபரில் சிறிய ரோகிணி ராக்கெட் ஒன்று அங்கிருந்து ஏவப்பட்டது. 1979 ஆகஸ்ட் 10 அன்று புறப்பட்ட முதல் எஸ்.எல்.வி-3 வங்காள விரிகுடாவில் விழுந்தது. மறு ஆண்டு 1980 ஜூலை 18 அன்று அதே வகை ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. பிறகு சந்திரயான்கள் மூன்றும், 2008, 2019, 2023 ஆகிய ஆண்டுகளில், அதே தீவில் இருந்தே நிலவை நோக்கிப் புறப்பட்டன. ராக்கெட் ஏவப்படுவதை முன்னிட்டுப் பழவேற்காட்டு மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்ற அறிவிப்பு செய்தித்தாள்களின் மாவட்டப் பக்கத்தில் சிறு செய்தியாக வருவது வழக்கம். உலகம் தொலைக்காட்சியில் பார்க்கும் அந்தப் புறப்பாடு, கரையில் உள்ள குடும்பத்துக்குத் தொழில் இல்லாத நாளாகவும் அமைகிறது.

அந்தக் கரைக்கும் நுட்பமான ஏற்பாடுகள் உண்டு. முகத்துவாரத்தை ஒட்டிய இறால் பாடுகளில் யார் எந்த நாளில் வலை கட்டலாம் என்பதைக் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. பாடு என்பது மீன்பிடிக்கும் இடத்தையும் அங்கே பிடிக்கும் உரிமை சுற்றி வரும் முறையையும் சேர்த்தே குறிக்கும். இந்த உரிமை தலைக்கட்டுக் கணக்கில், அதாவது குடும்பத் தலைவர் ஒருவருக்கு ஒரு பங்கு என்ற அளவில், நல்ல இடமும் மோசமான இடமும் எல்லாருக்கும் மாறி மாறி வாய்க்கும்படி சுற்றுகிறது. முகத்துவாரம் மணலால் தூர்ந்து போனால் கடல்நீரும் இறால் குஞ்சும் ஏரிக்குள் வருவது தடைபட்டு இந்தக் கணக்கு முழுவதும் ஆட்டம் காண்கிறது. கோள்களின் இயக்கத்தைக் கொண்டு ஏவும் நேரத்தைக் கணிக்கும் அறிவும், முகத்துவாரத்தின் போக்கைக் கொண்டு வலை கட்டும் நாளைக் கணிக்கும் அறிவும் இவ்வாறு ஒரே ஏரியின் இரு பக்கங்களில் இயங்குகின்றன. அறிவியல் புனைகதை நாவலின் களம் பெரும்பாலும் இத்தகைய சந்திப்புதான்.

வெர்ன் எழுதிய கரைகள்

பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்ன் 1865-இல் வெளியிட்ட நிலவுப் பயண நாவலில் ஏவும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் விவாதமே தனிக்கதையாக வளர்கிறது. நிலவு உச்சிக்கு வரும் அட்சரேகை வேண்டும் என்பதால் தெற்குப் பகுதி தேவைப்படுகிறது. டெக்சாஸும் புளோரிடாவும் போட்டியிட, புளோரிடா வெல்கிறது. மாபெரும் பீரங்கியில் இருந்து குண்டு நிலவை நோக்கிப் புறப்பட்டதும் வெர்ன் வானத்தைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வதில்லை. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் தரையில் சாய்வதையும், அருகில் உள்ள டாம்பா நகரத்தில் வீடுகள் இடிவதையும், துறைமுகத்தில் கப்பல்கள் மோதி மூழ்குவதையும் கணக்கெடுத்து எழுதுகிறார். விண்வெளிப் பயணத்தின் செலவில் கரையோர ஊரின் சேதத்தையும் சேர்த்தவர் அவர்.

1902-இல் ஜார்ஜ் மெலியே எடுத்த புகழ்பெற்ற நிலவுப் பயணப் படம் வெர்னிடமும் ஹெச்.ஜி.வெல்ஸிடமும் கடன் வாங்கியது. படத்தில் பீரங்கி உண்டு, நிலவின் கண்ணில் குண்டு பாயும் காட்சி உண்டு, திரும்பும்போது கலம் கடலில் விழுவதும் உண்டு. இடிந்த வீடுகளும் மூழ்கிய கப்பல்களும் இல்லை. சில நிமிடங்களே ஓடும் மாயவேடிக்கைப் படத்தில் அவற்றைத் தேடுவது நியாயமும் அல்ல. ஆயினும் அந்தப் படத்தில் உருவான வழக்கம், அதாவது புறப்பாட்டை வைத்துக்கொண்டு புறப்பட்ட இடத்தை விட்டுவிடும் வழக்கம், மூன்று மணி நேரப் படங்கள் வந்த பிறகும் மாறவில்லை.

இதைவிடத் தமிழ் வாசகருக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு, 1869-70-இல் தொடராக வெளிவந்த வெர்னின் நீர்மூழ்கிக் கப்பல் நாவல். அதில் கேப்டன் நெமோவின் நாட்டிலஸ் வங்காள விரிகுடாவின் வாயிலைக் கடந்து இலங்கைக்கு வருகிறது. மன்னார் முத்துக்குளிப்புக் களத்தில் தனியாக மூழ்கி முத்துச்சிப்பி எடுக்கும் ஏழை இந்தியக் குளியாள் ஒருவரைச் சுறா தாக்குகிறது. நெமோ கத்தியோடு சுறாவின் எதிரே போய் அவரைக் காப்பாற்றி, முத்துகள் நிறைந்த பை ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போகிறார். ஒடுக்கப்பட்ட நாட்டின் மனிதர் அவர், தானும் அந்த நாட்டைச் சேர்ந்தவன் என்ற பொருளில் நெமோ பேசுவது நாவலின் திறவுகோல். 1875-இல் முடிவுற்ற இன்னொரு நாவலில், நெமோ புந்தேல்கண்டின் இளவரசர் தக்கார் என்றும், 1857 எழுச்சியில் போரிட்டவர் என்றும் வெர்ன் வெளிப்படுத்துகிறார். அந்த நீர்மூழ்கி ஏன் கட்டப்பட்டது என்ற கேள்விக்கு விடை தொழில்நுட்பத்தில் இல்லை. அடிமைப்பட்ட நாட்டின் கோபத்தில் இருக்கிறது. அதற்கு நாவலில் கிடைக்கும் முதல் தடயம் அந்தக் குளியாள்தான்.

1916-இல் யுனிவர்சல் நிறுவனத்துக்காக ஸ்டூவர்ட் பேட்டன் எடுத்த மௌனப்படம் இரண்டு நாவல்களையும் சேர்த்து நெமோவின் இந்தியப் பிறப்பைக் காப்பாற்றியது. 1954-இல் டிஸ்னி தயாரித்த, ரிச்சர்ட் ஃபிளைஷர் இயக்கிய வண்ணப்படம்தான் அந்த நாவலுக்கு உலகம் முழுவதும் நிலைத்த உருவத்தைத் தந்தது. நாட்டிலஸின் இரும்பு முதுகும், புயல் இரவில் நடக்கும் ராட்சதக் கணவாய்ச் சண்டையும் அதன் பெருமைகள். சிறப்புக் காட்சி விளைவுகளுக்கும் கலை இயக்கத்துக்கும் அது ஆஸ்கர் பெற்றது. அமைதியான கடலில் எடுத்த முதல் சண்டைக் காட்சி திருப்தி தராததால் அதைத் தள்ளிவிட்டுப் புயலோடு மறுபடி எடுக்கும் அளவுக்குக் கணவாய்க்குப் பணம் இருந்தது. மன்னார்க் குளியாளுக்குப் படத்தில் இடம் கிடைக்கவில்லை. ஜேம்ஸ் மேசன் நடித்த நெமோவும் இந்தியராக இல்லை. கற்பனைச் சிறைத்தீவு ஒன்றில் இருந்து தப்பியவர் என்ற பொதுவான கடந்தகாலம் அவருக்குத் தரப்பட்டது. கோபம் மிஞ்சியது, அதன் முகவரி போய்விட்டது. நாவலில் அரசியல் மனிதராக இருந்தவர் படத்தில் புதிரான மேதையாக ஆனதற்குக் காரணம் மேசனின் நடிப்பு அல்ல, கரையை நீக்கிய திரைக்கதை. 2003-இல் நசீருத்தீன் ஷா நெமோவாக நடித்தபோதும், பல நாவல்களின் பாத்திரங்கள் கூடும் அந்தப் படத்தில் இந்தியத் தோற்றம் திரும்பியதே தவிர, குளியாள் திரும்பவில்லை.

வெல்ஸின் விதி

கரையோர மக்கள் நாவலுக்கு ஏன் இன்றியமையாதவர்கள் என்பதற்கு ஹெச்.ஜி.வெல்ஸ் விளக்கம் தந்திருக்கிறார். தம் அறிவியல் புனைகதைகளின் தொகுப்புக்கு 1930களில் எழுதிய முன்னுரையில், கதையில் நடக்க முடியாத கருதுகோள் ஒன்று மட்டும் இருக்க வேண்டும், மற்ற அனைத்தும் வாசகர் அறிந்த வீட்டு வாழ்க்கையாக இருக்க வேண்டும் என்ற கருத்தை அவர் முன்வைத்தார். இந்த விதியின்படி சாதாரண மனிதர்களே கதையின் அளவுகோல். அவர்களுடைய வேலை நின்றுபோவதைக் கொண்டுதான் அற்புதத்தின் பருமனை வாசகர் அளக்கிறார்.

1898-இல் நூலாக வந்த அவருடைய செவ்வாய்க்கிரகப் படையெடுப்பு நாவல் இந்த விதிக்குச் சிறந்த சான்று. தொடக்க அத்தியாயத்திலேயே, ஐரோப்பியர் டாஸ்மேனிய மக்களை அழித்ததை நினைவூட்டிய பிறகுதான் செவ்வாய்வாசிகளின் கொடுமையைப் பற்றி வெல்ஸ் பேசுகிறார். படையெடுப்பவர்களின் ஊரில் படையெடுப்பு நடந்தால் எப்படி இருக்கும் என்பதே நாவலின் கேள்வி. பின்னர் லண்டன் மக்கள் எசெக்ஸ் கடற்கரைக்கு ஓடிவரும்போது பல நாட்டு மீன்பிடிப் படகுகளும் சரக்குக் கப்பல்களும் கரையோரம் பிறைவடிவில் கூடி நிற்கின்றன. நீராவிக் கப்பலில் மூன்று பேருக்கு இடம் பிடிக்க முப்பத்தாறு பவுன் கேட்கப்படுகிறது என்பதையும் வெல்ஸ் விடாமல் குறிக்கிறார். தண்டர் சைல்டு என்னும் போர்க்கப்பல் அந்தப் படகுகளைக் காக்கச் செவ்வாய் இயந்திரங்களை மோதி அழியும் இடம் நாவலின் உச்சங்களில் ஒன்று.

தழுவல் என்பது கதையை இடம்மாற்றுவதும்தான் என்பதால் இந்த நாவல் பல ஊர்களுக்குப் போயிற்று. 1938-இல் ஆர்சன் வெல்ஸின் வானொலி நாடகம் அதை நியூ ஜெர்சியில் நிறுத்தியது. 1953-இல் பைரன் ஹாஸ்கின் இயக்கிய படம் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனது. ஒவ்வொருவரும் தம் வாசலிலேயே செவ்வாய்வாசிகளை இறக்கியதில் நாவலுக்குத் துரோகம் எதுவும் இல்லை. அது வெல்ஸின் விதியைப் பின்பற்றுவதே. ஆனால் 1953 படத்தில் படகுகள் கூடும் கரையோ தண்டர் சைல்டோ இல்லை. அவற்றின் இடத்தில் அணுகுண்டு போடும் விமானம் வந்தது. 2005-இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் எடுத்த படத்தில் படகுத்துறைக் காட்சி திரும்பி வந்ததும், அந்தப் படத்தில் மிகவும் அச்சம் தரும் இடங்களுள் ஒன்றாக அது அமைந்ததும் தற்செயல் அல்ல. இடம் போதாமல் மனிதர் மனிதரைத் தள்ளும் அந்தத் துறையில்தான் இயந்திரத்தின் வலிமை உடலுக்கு உறைக்கிறது.

தமிழ்த் திரையின் கணக்கு

தமிழுக்கும் அறிவியல் புனைகதைப் படங்களோடு நெடிய உறவு உண்டு. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1952-இல் அமெரிக்கக் கூட்டுத் தயாரிப்பாக எடுத்த காடு படத்தில் அழிந்துபோன மம்மத் யானைகள் தோன்றின. 1963-இல் கலை அரசி படத்தில் வேற்றுக்கிரகவாசிகள் எம்.ஜி.ஆர்., பானுமதி கதைக்குள் இறங்கினார்கள். ஆயினும் தமிழில் செவ்வியல் அறிவியல் புனைகதை என்று ஒன்றைச் சுட்டச் சொன்னால் பெரும்பாலோர் சொல்லும் பெயர், 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் என் இனிய இயந்திரா. ஜீவா என்னும் சர்வாதிகாரி ஆளும் எதிர்கால இந்தியாவும், ஜீனோ என்னும் பேசும் இயந்திர நாயும், அரசின் பொய்யைத் துருவும் நிலா என்னும் பெண்ணும் கொண்ட அந்த நாவல் தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது. அதற்கு எதிர்த்திசையில், 1986-இல் வெளிவந்த விக்ரம் படத்தின் கதையைச் சுஜாதா குமுதத்தில் தொடராக எழுதினார். 1968-இல் ஆர்தர் சி.கிளார்க்கும் ஸ்டான்லி குப்ரிக்கும் நாவலையும் படத்தையும் அருகருகே வளர்த்த முறைக்கு இதுவே தமிழில் மிக நெருங்கிய நிகழ்வு.

சுஜாதா 2008 பிப்ரவரியில் மறைந்த பிறகு, 2010-இல் வெளிவந்த ஷங்கரின் எந்திரன் படத்தில் வசனப் பங்களிப்பாளர்களுள் ஒருவராக அவர் பெயர் இருக்கிறது. சிந்திக்கும் இயந்திரம் மனிதரைப் பற்றி என்ன நினைக்கும் என்ற ஜீனோவின் கேள்வி அங்கே சிட்டி என்னும் இயந்திர மனிதனிடம் சேர்ந்தது. ஆனால் என் இனிய இயந்திராவின் இன்னொரு பாதி, அதாவது குடிமக்களின் வாழ்வைக் கணிப்பொறி வழியே ஆளும் அரசு, பெரிய திரைக்கு வரவேயில்லை. இயந்திரம் வந்தது, அதன் கீழ் வாழ்ந்தவர்கள் வரவில்லை என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

பழவேற்காட்டுக்கு மிக அருகே வந்த தமிழ் விண்வெளிப் படம், சக்தி சௌந்தர் ராஜன் இயக்கி 2018-இல் வெளியான டிக் டிக் டிக். எண்ணூரில் விண்கல் விழுவதில் அதன் கதை தொடங்குகிறது. அதைவிடப் பெரிய கல் வங்காள விரிகுடாவில் விழுந்து பேரலை எழும்பும் என்ற அச்சத்தில் வீரர்கள் விண்வெளிக்குப் போகிறார்கள். எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளி, அதற்கும் வடக்கே பழவேற்காடு. அந்த அலை முதலில் தொடும் ஊர்கள் இவையே. 2004 டிசம்பரில் உண்மையான பேரலையைக் கண்ட கரை இது. ஆனால் படம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே கரையை விட்டு மேலே போய்விடுவதால், காப்பாற்றப்படுகிறவர்கள் எண்ணிக்கையாக மட்டுமே மிஞ்சுகிறார்கள்.

மறுதிசையில் போக விரும்பியவர் சத்யஜித் ராய். பங்குபாபுவின் நண்பன் என்ற தம் 1962-ஆம் ஆண்டுச் சிறுகதையின் கருவில் இருந்து 1967-இல் அவர் எழுதிய வேற்றுக்கிரகவாசித் திரைக்கதையில், விண்கலம் வங்காளக் கிராமத்துக் குளத்தில் இறங்குகிறது. அந்த அற்புதத்தை முதலில் சந்திப்பவர்கள் கிராமத்து மக்களே. இலங்கையில் குடியேறியிருந்த கிளார்க் அந்த முயற்சிக்கு ஆதரவாக இருந்தார். கொலம்பியா நிறுவனம் வரை போன அந்தத் திட்டம் படமாகவில்லை. வெல்ஸின் விதியைக் கீழை நாட்டு நீர்நிலை ஒன்றின் கரையில் வைத்து எழுதுவது இந்தியத் திரையுலகத்துக்கு இயலாத செயல் அல்ல என்பதற்கு அந்தத் திரைக்கதையே சாட்சி.

பழவேற்காட்டில் எடுத்தால்

இனி ஒரு தமிழ்த் திரைக்கதையாசிரியர் வெல்ஸின் படையெடுப்பு நாவலைப் பழவேற்காட்டுக்கு மாற்றுகிறார் என்று வைத்துக்கொண்டால், அந்த இடமே பல முடிச்சுகளை அவருக்கு அவிழ்த்துத் தரும். நாவலில் செவ்வாய்க்கலம் விழும்போது மக்கள் அதை விண்கல் என்று எண்ணுகிறார்கள். இங்கே ராக்கெட் ஏவும் நாளில் விழுந்தால் அதை ராக்கெட்டில் கழன்ற பகுதி என்றே எல்லாரும் எண்ணுவார்கள், அதனால் ஆபத்தை அறிவதில் ஏற்படும் தாமதம் இயல்பாக அமைந்துவிடும். தடையால் கடல் வெறிச்சோடி இருக்க, அன்று முகத்துவாரத்தில் யார் இருப்பார் என்பதைப் பாடு முறையே முடிவு செய்யும். முதல் சாட்சியைத் தேர்ந்தெடுக்க ஆசிரியர் தற்செயலை நாட வேண்டியதில்லை. ஏரியின் நடுவே மாநில எல்லை ஓடுவதால் எச்சரிக்கை தமிழிலும் தெலுங்கிலும், இரண்டு நிர்வாகங்களின் வழியாக, வெவ்வேறு வேகத்தில் வந்துசேரும்.

தப்பியோடும் காட்சிக்கும் இந்தக் கரையில் முன்னுதாரணம் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைத் தெருக்களில் சிக்கியவர்களைக் கடற்கரைக் குப்பங்களின் மீனவர்கள் தம் படகுகளைக் கொண்டுவந்து மீட்டார்கள். வெல்ஸின் நாவலில் படகில் இடம் விலைக்குப் போகிறது. இந்தக் கரையின் அனுபவம் வேறு பதிலையும் தரக்கூடியது. படகில் யாரை முதலில் ஏற்றுவது என்ற கேள்வி, பாட்டைத் தலைக்கட்டுக் கணக்கில் பகிர்ந்து பழகிய ஊரில் எப்படித் தீர்க்கப்படும் என்று காட்டும் காட்சி, ஆங்கில மூலத்தில் இல்லாததாக இருந்தாலும் மூலத்தின் கேள்விக்கு நேர்மையானது. மூலநூலின் நிகழ்ச்சிகளை ஒன்றுவிடாமல் பின்பற்றுவது தழுவலில் எளிய விசுவாசம். மூலநூலின் கேள்வியைப் புதிய இடத்தில் மறுபடி கேட்பது கடினமான விசுவாசம், நல்ல தழுவல்கள் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

இத்தகைய படத்துக்குப் பணம் போதாது என்ற வழக்கமான மறுப்பும் ஆராயத்தக்கது. ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரர்களின் 1972-ஆம் ஆண்டு நாவலை ஆந்திரேய் தார்க்கோவ்ஸ்கி 1979-இல் ஸ்டாக்கர் என்ற படமாக எடுத்தபோது, நாவலில் குவிந்திருந்த வேற்றுலகப் பொருள்களை ஏறத்தாழ முழுமையாக விட்டுவிட்டு, எஸ்தோனியாவில் கைவிடப்பட்ட மின்நிலையத்தின் அருகே நீரையும் புல்லையும் துருவையும் கொண்டு அந்த அச்சத்தை உருவாக்கினார். கணினி வரைகலையில் செலவாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் எதிராக, கரையில் எடுக்கும் காட்சிக்குத் தேவைப்படுவது நீண்ட கால உடனிருப்பும், அங்குள்ளவர்களின் வேலையைச் சரியாகக் காட்டும் கவனமும். அவற்றைத் தயாரிப்பாளர்கள் தவிர்ப்பதற்குக் காரணம் விலை அல்ல. முன்னோட்டப் படத்தில் வைத்துக்காட்ட அவற்றில் ஒன்றும் இல்லை என்பதே.

ஆகவே செவ்வியல் அறிவியல் புனைகதை ஒன்று படமாகி வரும்போது அதை மதிப்பிட எளிய வழி உண்டு. இயந்திரம் இயங்கத் தொடங்கிய நாளில் யாருடைய வேலை நின்றது, அதை யார் அவர்களிடம் அறிவித்தார்கள், அவர்கள் என்ன முடிவெடுத்தார்கள் என்ற மூன்று கேள்விகளுக்குப் படத்தில் விடை இருந்தால், நாவலின் பெரும்பகுதி திரைக்கு வந்துவிட்டது என்று கொள்ளலாம். வெர்னும் வெல்ஸும் அந்த விடைகளை நூற்றாண்டுக்கு முன்பே எழுதிவைத்துவிட்டார்கள். அவற்றைப் படமாக்கத் தேவையான கரை, மொழி, மனிதர் அனைத்தும் தமிழ்த் திரையுலகத்தின் தலைமையகமான சென்னையில் இருந்து இரண்டு மணி நேரப் பயணத் தொலைவிலேயே இருக்க, அந்த வாய்ப்பு இன்னும் பயன்படுத்தப்படாமல் இருப்பதற்குத் தொழில்நுட்பத்தைக் குறை சொல்ல இனி இடமில்லை.